அவன் வந்ததிலிருந்து

ஜூன் 2, ஞாயிறு

இன்றும் விழுந்தது. ரொட்டி நன்றாக உப்பி, மேலே லேசாகப் பொன்னிறம் பிடிக்கிற நேரம். டப்! மின்விசிறி நின்றது, ஃப்ரிட்ஜ் அடங்கியது, வீடே வாயை மூடிக்கொண்டது. ஸ்டூலைப் போட்டு ஏறி, மெயின் போர்டில் விழுந்து கிடந்த டிரிப் ஸ்விட்சைத் தூக்கி நிறுத்தினேன். நின்றது. அவனைப் போட்டேன். மறுபடி டப்.

அவன் என்றால் ரொட்டி சுடுகிற கரண்ட் அடுப்பு, இங்கிலீஷில் அவன். மூக்குக் கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை பார்த்த, கணக்கு எழுதுகிற கணக்கக்கா, மகளோடு போய் இருக்கலாம் என்று ஊரைக் காலி செய்தபோது, "நீதான ஆசைப்பட்டே, வச்சுக்க" என்று கொடுத்துவிட்டுப் போனது. வந்த அன்றே என் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அவன் இங்கதான் இருக்கப் போறானா? என்னைவிட இடம் ஜாஸ்தி அடைக்கிறானே!" என்றார். அதிலிருந்து எங்கள் இருவருக்குள் அது ஆண்பிள்ளை. அவன் தூங்குறானா, அவன் சாப்பிட்டானா, அவனுக்கு இன்னைக்கு மூட் சரியில்லை. இவருக்கு இதுவரை சலிக்காத ஒரே ஜோக் இதுதான்.

தம்பி எதிரில் மட்டும் இந்த விளையாட்டு கிடையாது. தம்பி இங்கே வந்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான். மனைவியோடு ஒத்துவராமல் பிரிந்து, வாடகை வீட்டையும் விட்டுவிட்டு, ஒரு பெட்டி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மீன் தொட்டியோடு வாசலில் வந்து நின்றான். "கொஞ்ச நாளைக்குதான்க்கா." அன்றிலிருந்து விருந்தாளி மாதிரி நடந்துகொள்கிறான். தான் குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்க்கிறான். குளியலறைக்குப் போகும் முன் எங்கள் இருவரையும் பார்த்து, "யாராச்சும் போகணுமா?" என்கிறான். நேற்று என்னைப் போய் 'நீங்க' என்றான்! என் சொந்தத் தம்பி! இப்படி இருப்பவன் எதிரில் சிரித்துப் பேசவே கூச்சமாக இருக்கிறது. அதனால் நாங்கள் சிரிப்பதெல்லாம் எங்கள் அறைக்குள்தான்.

கரண்ட் போனதும் பின்னறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தான். கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிற வேலை. காலையிலிருந்து போட்டது போயிருக்கும். "போச்சாடா?" என்று கேட்டேன்.

"பரவால்லக்கா. திரும்பப் போட்டுக்கறேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 5, புதன்

எலக்ட்ரீசியன் வந்தார். போர்டைத் திறந்து பார்த்து, "ஸ்விட்ச் வீக் ஆயிடுச்சும்மா" என்று புதிது போட்டார். அவனை ஓடவிட்டுக் காட்டினார். அவர் டீ குடித்து முடிக்கும்வரை ராஜா மாதிரி ஓடினான். அவர் தெருமுனையைக் கூடத் தாண்டியிருக்க மாட்டார், டப்.

போன் செய்தேன். "அப்ப உங்க அவன்லதான் கோளாறு. வீட்டு லைன் கல்லு மாதிரி இருக்கு."

ஜூன் 8, சனி

இன்று அவனை ரிப்பேர் செய்கிறவர் வந்தார். பேசப் பேச அந்த மனிதருடைய மூக்குக் கண்ணாடி நழுவி நுனிக்கு வந்துவிடுகிறது. ஃப்ரேமைப் பிடுங்கிக் காதுப்பக்கம் வளைத்துக் கொடுத்துவிட எனக்குக் கை பரபரத்தது. தொழில் புத்தி.

பின்பக்கத்தைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தார். "சூடாகுற காயில்ல லேசா கரண்ட் கசிவு இருக்கும்மா. பழசுல எல்லாத்துலயும் இருக்கும். இதுக்கெல்லாம் விழக் கூடாது. உங்க வயரிங்லதான் எங்கயோ இருக்கு."

ஆக, எலக்ட்ரீசியன் அவனைக் கை காட்டுகிறார், ரிப்பேர்காரர் வீட்டைக் கை காட்டுகிறார். சம்பந்திகள் தோற்றார்கள். நடுவில் ஸ்டூலில் ஏறி இறங்குவது நான்.

ஜூன் 9, ஞாயிறு

நேற்று வெயில், விழவில்லை. இன்று மழை, இரண்டு முறை விழுந்தது. மழைக்கும் ரொட்டிக்கும் என்ன பகை?

ஜூன் 12, புதன்

வேலை முடிந்து வந்ததும் கணக்கக்காவுக்குப் போன் போட்டேன். நலம் விசாரிக்கத்தான் போட்டேன், ஆனால் புலம்பலாகிவிட்டது. "அவன் வந்ததுலேர்ந்து வீட்ல நிம்மதியே இல்லக்கா. நல்லாதான் இருப்பான், திடீர்னு எல்லாத்தையும் கவுத்துடுவான். தின்னு தின்னு படுத்துக்கறான். நேத்து இவரே சொல்லிட்டாரு, பேசாம தூக்கி வெளிய வச்சிடலாம், யாராவது வேணுங்கறவங்க கூட்டிட்டுப் போகட்டும்னு." கணக்கக்கா வயிறு குலுங்கச் சிரித்தார். "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாரு, பழகிடுவான்" என்றார். பேசிய பிறகு மனசு லேசாக இருந்தது.

தம்பி ராத்திரி சாப்பிடவில்லை. பசி இல்லையாம்.

ஜூன் 13, வியாழன்

தம்பி போய்விட்டான்.

கடையிலிருந்து வந்தால் பின்னறை துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. போர்வை மடித்திருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லை, பெட்டி இல்லை. மீன் தொட்டி மட்டும் இருக்கிறது. போனில் ஒரு செய்தி. "அக்கா, ஃப்ரெண்டு ரூம்ல இடம் இருக்கு. வேலைக்கு அங்க வசதி. மீனுக்கு மட்டும் காலைல ஒரு சிட்டிகை தீனி போடுங்க. வேற இடம் பார்த்ததும் தொட்டியை எடுத்துக்கறேன். நீங்களும் மாமாவும் எனக்கு ரொம்பப் பண்ணிட்டீங்க."

ரொம்பப் பண்ணிட்டீங்க! இது நன்றியா, குத்தலா? கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்கிறான். என்னடா பண்ணினேன் நான்? ஒரு வார்த்தை சொன்னேனா? போர்வையை ஏன்டா அப்படி மடிச்சு வச்சிட்டுப் போனே, லாட்ஜைக் காலி பண்ற மாதிரி?

அந்த நண்பனின் அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே இவன் சமைக்க மாட்டான், தூங்க மாட்டான், யாரோடும் பேச மாட்டான். இங்கேயாவது கதவுக்கு இந்தப் பக்கம் ஆள் இருந்தோம். பயமாக இருக்கிறது.

ஜூன் 15, சனி

எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை.

மழை. சும்மா உட்கார்ந்தால் மனம் எங்கெங்கோ போகிறது என்று மாவைப் பிசைந்து அவனுக்குள் வைத்தேன். அது வேகும்வரை பின்னறையில், தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்குள் நீளமாக ஒரு கண்ணாடிக் குழல் நிற்கிறது, தண்ணீரைச் சூடாக வைத்திருக்கிற ஹீட்டர். தண்ணீர் ஆறினால் தானாகப் போட்டுக்கொள்ளும், போட்டுக்கொண்டால் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு எரியும். இத்தனை நாளில் நான் அதைக் கவனித்ததே இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது பொட்டு எரிந்தது.

டப்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை, மறுகணம் புரிந்துவிட்டது. இவரைக் கூப்பிட்டு மெயின் போர்டுக்குக் கீழே நிற்க வைத்தேன். ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு அவனைப் போட்டோம்: ரொட்டி வெந்து முடிகிறவரை ஒன்றும் ஆகவில்லை. அவனை அணைத்துவிட்டு ஹீட்டரைப் போட்டோம்: ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் போட்டோம்: சிவப்புப் பொட்டு எரிந்ததும் விழுந்தது. மழை நாளில் தொட்டித் தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது, பொட்டு அடிக்கடி எரிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இவர் ஸ்டூலில் நின்றபடி, "அப்ப அவன் மட்டும் காரணமில்ல. உன் தம்பியோட தொட்டியும் சேர்ந்து..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். கீழே இறங்கினார். "அன்னைக்குக் கணக்கக்காகிட்ட பேசினியே, எங்க நின்னு பேசினே?"

"ஹால்ல."

"அவன் அவன்னே பேசினியா?"

"ஆமா, அவன்னுதான்..."

"தம்பி எங்க இருந்தான்?"

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

நான் பேசியதை வரி வரியாக நினைத்துப் பார்க்கிறேன். வந்ததுலேர்ந்து நிம்மதி இல்ல. தின்னு தின்னு படுத்துக்கறான். தூக்கி வெளிய வச்சிடலாம், இவரே சொல்லிட்டாரு. ஐயோ, ஒரு வரியாவது தப்பிக்குமா! அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுவிட்டு, போர்வையை மடித்திருக்கிறான். என்னோடு சண்டைக்குக்கூட வரவில்லை. நம்பியிருக்கிறான். அக்கா இப்படிச் சொல்வாள் என்று நம்பியிருக்கிறான்.

ஜூன் 16, ஞாயிறு

போய்க் கூட்டிவந்துவிட்டேன்.

தையல் கடைக்கு மேலே ஒரு அறை. பாதி அறையில் யாருடையதோ அட்டைப் பெட்டிகள். கம்ப்யூட்டரைத் தரையிலேயே வைத்துக் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"டேய், அது நீ இல்லடா. அவன்டா!"

"எவன்?"

"அவன்டா! ரொட்டி சுடுறது!"

என்னையே பார்த்தான். "அந்த அடுப்பா?"

"அதைத்தான்டா நாங்க ரெண்டு பேரும் அவன் இவன்னு கூப்புடறோம். உன் மாமா ஆரம்பிச்சு வச்ச கூத்து."

"'தின்னு தின்னு படுத்துக்கறான்'னது?"

"கரண்டைத் தின்னுட்டுடா! கரண்டைத் தின்னுறது நீயா?"

தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். ஆனால் உடனே அடங்கிவிட்டது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இருந்தாலும் நான் வந்ததுலேர்ந்துதானேக்கா உங்க வீட்ல கரண்ட் போகுது?" என்றான்.

தொட்டி விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "அதெல்லாம் ஒண்ணுமில்ல. அடுப்புதான் பழசு. சத்தியமா" என்றேன். பாதி சத்தியம்.

"மீனுக்காக வரேன்" என்று கிளம்பினான். எதற்காக வந்தால் என்ன, வந்தால் சரி.

இனிமேல் இந்த நோட்டிலும் அடுப்பு வெறும் அடுப்புதான். அவன் என்றால் என் தம்பி மட்டும்தான்.

ஜூன் 19, புதன்

திருட்டுப் பிழைப்பு. அவன் குளிக்கவோ கடைக்கோ போனதும் ஹீட்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டு அடுப்பைப் போடுகிறேன். அவன் வரும் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் ஹீட்டரைப் போடுகிறேன். கரண்ட் விழுவதே இல்லை. "அடுப்பு சரியாயிடுச்சாக்கா?" என்று கேட்டான். "ம்" என்றேன்.

சாயங்காலம் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "மீனெல்லாம் ஏன் மூலைல போய் நிக்குது? குளிர்ற மாதிரி" என்றான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஜூன் 21, வெள்ளி

மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரம் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். "அதாம்மா, நான் அன்னைக்கே சொன்னேனே" என்றார். அன்றைக்கு அவர் சொன்னது கல்லு மாதிரி லைன். போகட்டும். விளக்கம் நன்றாகத்தான் சொன்னார்: அடுப்பிலும் கொஞ்சம் கரண்ட் கசிகிறது, ஹீட்டரிலும் கொஞ்சம் கசிகிறது. தனித்தனியாக என்றால் ஸ்விட்ச் பொறுத்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்தால் தாங்காமல் விழும். யாரும் தனியாகக் குற்றவாளி இல்லை.

இதை எப்படியாவது அவனிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் வார்த்தை கோத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர், "ஏம்மா, அந்தத் தொட்டிக்குள்ள யாரும் கை விடறதில்லையே? கசியற ஹீட்டரு. ஆளையே தூக்கிடும்" என்றார்.

விடுவான். கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைக்க முழங்கைவரை விடுவான். நான்தான் பார்த்திருக்கிறேனே. ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கடைப் பெண்ணிடம் "கடையைப் பார்த்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். வழியெல்லாம் அவன் போன் எடுக்கவில்லை. வழியெல்லாம் ஒரே வார்த்தைதான் எனக்குள்: கடவுளே, கடவுளே.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிமுன் நிற்கிறான்!

"கையை எடுடா!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். பக்குவமாவது ஒன்றாவது. அவன் அந்தக் கண்ணாடிக் குழலை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூடியருகே மயிரிழைபோல ஒரு விரிசல்.

"ஞாயித்துக்கிழமையே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிடுவேன்னு."

குழலைக் கீழே வைத்தான். அப்புறம், "ஷாக் அடிச்சிருந்தாலும் போயிருப்பேன்" என்றான்.

நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பிரிந்து வந்த பிறகு அவன் அடித்த முதல் ஜோக் இது. இவ்வளவு மட்டமான ஜோக்கை இவர்கூட அடித்ததில்லை.

ஜூன் 22, சனி

அவனே போய்ப் புது ஹீட்டர் வாங்கிவந்தான். வருவதற்குள் மீனுக்குக் குளிரக் கூடாதென்று, பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் தொட்டியில் மிதக்கவிட்டிருந்தேன். அதைப் பார்த்து, "சூப்பா வைக்கிறே?" என்றான்.

ஜூன் 30, ஞாயிறு

அடுப்பு, ஹீட்டர், கம்ப்யூட்டர், மின்விசிறி எல்லாம் ஒன்றாக ஓடின. விழவில்லை. அவன் அரைகுறை வேலையில் எழுந்து வந்து மெயின் போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான். இவர், "பார்த்துப் பார்த்தே தள்ளிவிட்டுடாத மாப்ள" என்றார்.

ஜூலை 6, சனி

வாரம் முழுக்க மழை, அடுப்பைத் தொடவில்லை. இன்று போட்டதும் விழுந்தது. ஹீட்டரைப் பிடுங்கிவிட்டுப் போட்டாலும் விழுந்தது. எனக்கு அலுத்துவிட்டது. அவனுக்குத்தான் ஆவேசம் வந்துவிட்டது. "காயில்ல ஈரம் ஏறியிருக்கு. சும்மா கிடந்தா ஈரத்தை இழுத்துக்குமாம். காய வச்சா சரியாப் போயிடும்" என்று போனில் எதையெதையோ படித்துக் காட்டினான். நாளை மறுநாள் பார்க்கலாம் என்றேன். கடையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ரொட்டி கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். விழ விழத் தூக்கிவிட்டாவது நாளைக்குச் சுட்டாக வேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் மாவைப் பிசைந்து மூடிவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் சமையலறைத் தரை முழுக்கப் பழைய செய்தித்தாள், அதன்மேல் என் அடுப்பு துண்டு துண்டாகக் கிடக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவைத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, தலையை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறான். கழற்றிய ஒரு காயிலுக்கு மேல் என் ஹேர் டிரையர்! அடுப்புக்குத் தலை காயவைக்கிறான்!

"யாரைக் கேட்டுடா கழட்டினே?"

"உன்னைக் கேட்டா விடுவியா?"

"மாவு உப்பி நிக்குது. நான் எதுல சுடறது, உன் தலையிலயா?"

"நாளைக்குச் சுடு. யாரு சாகப் போறா?"

"வாக்குக் கொடுத்திருக்கேன்டா!"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? ஈரத்தோட சுட்டா மறுபடி மறுபடி விழும். உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "எனக்கா தெரியாது? என் அடுப்புடா அது! இது என் வீடுடா!"

வாயைவிட்டுப் போன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஹாலில் இவர் பேப்பரை இறக்கியது தெரிந்தது. மடித்த போர்வை கண்முன் வந்து நின்றது. எந்த வார்த்தைக்குப் பயந்து இத்தனை நாளாக நாக்கைக் கட்டிவைத்தேனோ, அதையே ஹீட்டருக்காகவும் இல்லை, ஒரு உருண்டை மாவுக்காகச் சொல்லிவிட்டேன்.

தலையை அவன் வெளியே எடுக்கவே இல்லை. அடுப்புக்குள்ளிருந்து எரிச்சலாகக் குரல் வந்தது.

"ஆமா, உன் வீடுதான். இப்ப என்னாங்கறே? அந்தக் கண்ணாடிக்குப் போடுற சின்ன ஸ்க்ரூ டிரைவர் வச்சிருப்பியே, அதை எடு."

எடுத்துக் கொடுத்தேன். அவன் உள்ளங்கையில் அழுத்தியே வைத்தேன். கோபத்தில் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஜூலை 8, திங்கள்

நேற்று முழுக்கப் புளித்த மாவு. ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டது. கரண்ட் விழவில்லை.

அவனும் நானும் பேசிக்கொள்வதில்லை. "ரொட்டியா இது, செங்கல்லு" என்று இவரிடம் சொல்கிறான், எனக்குக் கேட்கிற மாதிரி. கடைக்குக் கருகிய பக்கத்தைத்தான் எடுத்துப்போக வேண்டியிருந்தது. நல்ல பக்கத்தை முழுக்க அவனே தின்றுவிட்டிருக்கிறான், என் பங்கையும் சேர்த்து.